ஒரு நடவுப் பாட்டும் ஒரு சாம்பல் நிறக் கட்டமும்

இணையத்தில் தமிழைத் தேடத் தொடங்கிய முதல் தலைமுறையினருக்கு ஃபிளாஷ் என்ற பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பக்கத்தைத் திறந்ததும் ஒரு சிறு வட்டம் சுழலும். நூற்றுக்கு இத்தனை என்று எண்கள் ஏறிக்கொண்டே போகும். பொறுமையிழந்து எழுந்துவிடலாமா என்று எண்ணும் தருணத்தில் எழுத்துகள் மிதந்து வரும், பின்னணியில் ஒரு புல்லாங்குழல் ஒலிக்கும். திரைப்படங்களின் முகப்புப் பக்கங்கள், பொங்கல் வாழ்த்து அட்டைகள், குழந்தைப் பாடல்கள், உயிரெழுத்தை எங்கே தொடங்கி எங்கே சுழித்து முடிக்க வேண்டும் என்று காட்டும் அசைபடங்கள் என அந்நாளைய இணையத்தில் அசைந்தவற்றில் பெரும்பகுதி அந்த ஒரு மென்பொருளின் தயவில் அசைந்ததே. இன்று இருபது வயதிலிருக்கும் ஒரு பிள்ளையிடம் இதைச் சொன்னால் கதை கேட்பதுபோல் கேட்கிறது. காரணம் எளியது. அந்தப் பிள்ளை இணையத்தைக் கண்டது கைபேசியில். அந்தக் கைபேசியில் ஃபிளாஷ் ஒருநாளும் ஓடியதில்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தைப் பற்றியே எழுத விரும்புகிறேன். ஃபிளாஷ் மறைந்ததைக் குறித்துக் கணினி உலகம் போதுமான அளவு பேசிவிட்டது. ஆனால் அது எப்போது, எந்தக் கருவியிலிருந்து முதலில் விலகியது, அப்போது யார் கையில் அந்தக் கருவி வந்து சேர்ந்துகொண்டிருந்தது என்ற கேள்வி கரையாம்புத்தூர் போன்ற ஓர் ஊரிலிருந்து பார்க்கும்போது வேறு பொருள் கொள்கிறது.

முதலில் அது என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வலைப்பக்கங்களைக் காட்டும் உலாவிக்கு அந்நாளில் எழுத்தும் நிலைப்படமும் மட்டுமே நன்கு தெரியும். அசைவும் ஒலியும் கலந்த கோப்பை அதனிடம் கொடுத்தால் திகைக்கும். அத்தகைய கோப்பைப் படித்துக் காட்டுவதற்காக உலாவியோடு வெளியிலிருந்து ஒட்டப்படும் துணை மென்பொருளுக்குச் செருகுநிரல் என்று பெயர். 1996-இல் ஃப்யூச்சர்ஸ்பிளாஷ் என்ற பெயரில் வந்த ஒரு வரைகலை மென்பொருளை அதே ஆண்டின் இறுதியில் மேக்ரோமீடியா நிறுவனம் வாங்கி ஃபிளாஷ் என்று பெயர் சூட்டியது. 2005-இல் மேக்ரோமீடியாவையே அடோபி வாங்கியது. கோடுகளையும் வளைவுகளையும் புள்ளி புள்ளியாகச் சேமிக்காமல் கணக்காகச் சேமித்ததால் கோப்பு மிகச் சிறியதாக இருந்தது. தொலைபேசிக் கம்பி வழியே ஊர்ந்துவந்த இணைப்பில்கூட ஒரு முழுப் பாட்டையும் அசைபடத்தையும் கொண்டுசேர்க்க முடிந்தது.

தமிழருக்கு இதில் இன்னொரு வசதியும் இருந்தது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ்ப் பக்கங்களைப் படிக்க முயன்றவர்கள் பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் எழுத்துரு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி டாம், டாப் என்று அரசுத் தரங்கள் வந்தன. இன்னொரு பக்கம் டிஸ்கி இருந்தது. இவற்றுக்கு வெளியே இதழ்கள் தத்தம் சொந்த எழுத்துருக்களை வைத்திருந்தன. உரிய எழுத்துருவை இறக்கி நிறுவாவிட்டால் திரையில் ஐரோப்பிய எழுத்துகளும் கொக்கிகளுமே தெரியும். ஃபிளாஷில் இந்தத் தொல்லை இல்லை. எழுத்தின் வடிவத்தையே படமாகக் கோப்புக்குள் பொதிந்து அனுப்பிவிடலாம். பார்ப்பவரின் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டாலும் தமிழ் தெரியும். அழகாகவும் தெரியும். தமிழில் எதையாவது எல்லோரும் பார்க்கும்படி செய்துவிட வேண்டும் என்று துடித்த இளைஞர்கள் பலர் ஃபிளாஷைக் கற்றுக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன். அந்த வசதிக்குள்ளேயே கேடும் ஒளிந்திருந்தது என்பது பின்னால் தெரிந்தது. கோப்புக்குள் இருந்தது தமிழின் உருவம்தானேயொழியத் தமிழ் எழுத்தாகத் தேடவோ எடுத்து வேறிடத்தில் ஒட்டவோ கூடிய பிரதி அன்று.

இதே காலத்தில் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் நிலைமை என்ன? கரையாம்புத்தூர் புதுச்சேரி ஆட்சிக்கு உட்பட்ட பாகூர் கொம்யூனைச் சேர்ந்தது. வரைபடத்தில் பார்த்தால் தமிழ்நாட்டு நிலத்தினூடே சிந்திய மைத்துளிபோல் இருக்கும். மணமேடு, கடுவனூர், பனையடிக்குப்பம் என்று சுற்றிலும் சிற்றூர்கள், அருகே தென்பெண்ணை, கண்ணுக்கெட்டிய வரை நெல்லும் கரும்பும். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பாகூர்ப் பகுதிக்குப் பெயர். இப்பகுதிக்கு இணையம் வரவேயில்லை என்று சொல்ல முடியாது. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கனடாவின் ஐ.டி.ஆர்.சி. அமைப்பின் உதவியுடன் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் அதற்கு நடுவம். எம்பலம், வீராம்பட்டினம் போன்ற ஊர்களில் கிளைகள். கம்பியில்லா வானொலிக் கருவிகள் வழியே செய்தி ஊர்களுக்குப் போயிற்று. வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு அமெரிக்கக் கடற்படையின் தளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை எடுத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கேட்பவருக்குக் கணினியும் வேண்டாம், எழுத்தறிவும் வேண்டாம், செருகுநிரலும் வேண்டாம். காது இருந்தால் போதும். எத்தனை அரிய யோசனை அது என்று இப்போது தோன்றுகிறது.

ஆனால் வீட்டுக்கு வீடு இணையம் என்பது வேறு கதை. மேசைக் கணினி வாங்கிக் கம்பி இணைப்புக் கொடுத்து இணையம் பார்த்த வீடுகள் எங்கள் பக்கத்தில் விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஊர் இணையத்துக்குள் நுழைந்தது கைபேசி வழியாகத்தான். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து தரவின் விலை சரிந்த பிறகு அந்த நுழைவு வெள்ளமாயிற்று. கணினிக் காலத்தை அப்படியே தாண்டிக்கொண்டு நேரே கைபேசிக் காலத்துக்கு வந்தவர்கள் நாங்கள்.

அந்தக் கைபேசிக்குள் ஃபிளாஷின் நிலை இது. 2007-இல் வந்த ஐபோன் தொடக்கம் முதலே அதை ஏற்கவில்லை. 2010 ஏப்ரல் 29 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு திறந்த மடல் எழுதி அதற்கான காரணங்களைப் பட்டியலிட்டார். ஒரே நிறுவனத்தின் பிடியில் உள்ள தொழில்நுட்பம், பாதுகாப்புக் குறைகள், மின்கலத்தை விரைவில் தீர்த்துவிடும் இயல்பு, சுட்டியை மேலே கொண்டு நிறுத்தினால் விரியும்படி அமைக்கப்பட்ட பொத்தான்கள் விரலால் தொடும் திரைக்கு ஒவ்வாமை என்பன அவற்றுள் சில. ஆப்பிளின் வணிக நலனும் அதில் கலந்திருந்தது என்று எதிர்ப்பக்கத்தார் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. என்றாலும் அவர் அடுக்கிய குறைகள் கற்பனையல்ல. அதே ஆண்டு ஜூனில் ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்காக அடோபி ஒரு பதிப்பை வெளியிட்டது. தடுமாறித் தடுமாறி ஓடிற்று. 2011 நவம்பரில் கைபேசி உலாவிகளுக்காக இனி அதை வளர்க்கப்போவதில்லை என்று அடோபியே அறிவித்தது. 2012 ஆகஸ்ட் 15 முதல் புதிய ஆண்ட்ராய்டு கைபேசிகளில் அதை கூகுள் பிளே வழியாக நிறுவிக்கொள்ளும் வழி அடைபட்டது. புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்ததன் பொன்விழா நாளுக்கு முந்திய நாள் அது.

இன்னொரு பொருத்தத்தையும் சொல்ல வேண்டும். ஆண்ட்ராய்டு கைபேசிகளில் தமிழ் எழுத்துகள் வெற்றுக் கட்டங்களாகத் தெரிவது நீங்கித் தமிழாகவே தெரியத் தொடங்கியதும் ஏறத்தாழ அதே ஆண்டுகளில்தான். அதாவது, கைபேசிக்குள் தமிழ் எழுத்து வந்த வேளையில், தமிழர்கள் பத்தாண்டுகளாகச் செய்துவைத்த அசைபடங்கள் வெளியேறின. ஒரு வாசலில் விருந்தினர் நுழைய, மறு வாசல் வழியே வீட்டுக்காரர் புறப்பட்டதுபோல.

இதெல்லாம் எனக்கு வெறும் தொழில்நுட்ப வரலாறாக இருந்திருக்கும், என் இளமைக்கால நண்பனின் நடவுப் பாட்டு இல்லாதிருந்தால்.

அவன் கரையாம்புத்தூர்க்காரன். 2000-களின் தொடக்கத்தில் சென்னையில் ஒரு சிறிய பல்லூடக நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து, பகலெல்லாம் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு விளம்பரப் பட்டைகள் செய்துகொண்டிருந்தான். இரவில் தனக்காக ஒன்று செய்தான். அவன் அம்மா நடவுப் பாட்டில் பேர்போனவர். எனக்கு உறவில்லை என்றாலும் அத்தை என்றே அழைப்பேன். பரம்படித்த சேற்றில் பெண்கள் வரிசையாகக் குனிந்து பின்னோக்கி நகர்ந்தபடி நாற்றை ஊன்றும்போது முதல் அடியை எடுத்துக்கொடுப்பவர் அவர்தான். மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். 2004 சம்பா நடவின்போது நண்பன் ஒரு டேப் ரிக்கார்டரை வரப்பில் வைத்து அதைப் பதிவு செய்தான். பிறகு அந்தக் குரலுக்கு நான்கு நிமிட அசைபடம் ஒன்றைச் செய்தான். கறுப்புக் கோடுகளால் ஆன பெண்கள் குனிந்து நகர, அவர்களுக்கு முன்னால் வெறுமையாயிருந்த திரை பச்சையாகிக்கொண்டே வரும். பாட்டின் தாளத்துக்கும் நாற்று ஊன்றும் கைக்கும் இம்மியும் பிசகாது. நிறுவனத்தின் தளத்தில் ஒரு மூலையில் அதை வைத்திருந்தார்கள். வெளிநாடுகளிலிருந்து சிலர் பாராட்டி எழுதினார்கள்.

2005-இல் அவன் அத்தையைப் பாகூருக்கு அழைத்துப்போய் ஓர் இணைய மையத்தில் அதைக் காட்டினான். நானும் உடனிருந்தேன். எண்கள் ஏறி முடியும்வரை அவர் திரையைப் பார்க்காமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு தொடங்கியதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "என்னா தம்பி, கெணத்துக்குள்ள இருந்து பாடற மாதிரி இருக்குது" என்றார் என்னிடம். அவ்வளவுதான் விமரிசனம். ஆனால் திரும்பி வரும்போது பேருந்தில், வரிசையில் மூன்றாவதாகக் குனிந்திருந்தது இன்னார்தானே என்று வெறும் கோட்டுருவங்களை ஒவ்வொருவராக அடையாளம் சொல்லிக்கொண்டே வந்தார்.

அந்த நிறுவனம் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. தளமும் போயிற்று. மூலக் கோப்புகள் அலுவலகக் கணினிகளோடு எங்கோ விலைபோயின. ஊரில் இருந்த ஒலிநாடாவின் மேல் அவன் தம்பி சினிமாப் பாட்டுகளைப் பதிவு செய்திருந்தான். நண்பனிடம் எஞ்சியது, முடிந்த கோப்பின் ஒரு பிரதி மட்டும். 2013 பொங்கலுக்கு அவன் புதுக் கைபேசியோடு ஊருக்கு வந்தான். நடவுக்குப் போகும் பெண்களெல்லாம் வீட்டுத் திண்ணையில் கூடிவிட்டார்கள், தங்கள் பாட்டைப் பார்க்க. அந்தப் பெண்கள் யாரும் அதை அதுவரை பார்த்ததில்லை. கோப்பு திறக்கவில்லை. உலாவிக்குள் சாம்பல் நிறக் கட்டம் ஒன்று மட்டும் தெரிந்தது. அவன் எதையெதையோ நிறுவிப் பார்த்தான். பெண்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். கடைசியில் அத்தை, "வரலன்னா வுடுடா, நானே பாடறன்" என்று சொல்லிவிட்டு, அடுப்படிக்குப் போகும் வழியில் நின்றபடியே நாலடி பாடினார். திண்ணையில் இருந்தவர்கள் தன்னிச்சையாக வாங்கிப் பாடினார்கள். கருவி கைவிட்ட இடத்தில் பாட்டுக்கு ஒரு குறையும் வரவில்லை.

2016-இல் அத்தை காலமானார். நடவும் பெரும்பாலும் இயந்திரத்துக்கு மாறிவிட்டது. இயந்திரத்தின் இரைச்சலுக்கு எடுத்துக்கொடுக்க ஒருவரும் தேவையில்லை. அந்தக் குரல் உலகத்தில் இருந்த ஒரே இடம் திறக்க முடியாத அந்தக் கோப்பு. கணினியில் மட்டும் ஓடிக்கொண்டிருந்த ஃபிளாஷுக்கும் 2017 ஜூலையில் நாள் குறித்தார்கள். 2020 டிசம்பர் 31-உடன் அடோபி ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல், ஏற்கெனவே நிறுவப்பட்டிருந்த மென்பொருளே கோப்புகளைத் திறக்க மறுத்தது. பாதுகாப்புக் கருதி எடுத்த முடிவு அது. அதில் நியாயம் உண்டு. ஆனால் ஒரு நிறுவனம் தன் பொருளை விற்காமல் நிறுத்துவது ஒன்று, எவரோ செய்துவைத்த கோடிக்கணக்கான கோப்புகளைப் படிக்கும் கண் ஒரே நாளில் மூடிக்கொள்வது வேறொன்று. படித்துக் காட்டும் உரிமை ஒருவரிடம் மட்டும் இருந்தால் இப்படித்தான் முடியும்.

நல்லவேளையாக, உலகத்தில் சிலர் இதை முன்கூட்டியே உணர்ந்திருந்தார்கள். ரஃபிள் என்ற பெயரில் தன்னார்வலர்கள் கட்டற்ற மென்பொருள் ஒன்றை எழுதிவந்தார்கள். ஃபிளாஷ் கோப்புகளைப் படித்து, செருகுநிரல் எதுவும் இல்லாமல், இன்றைய உலாவிக்குள்ளேயே ஓட்டிக்காட்டுவது அது. 2020 நவம்பரில் இணைய ஆவணகமான இன்டர்நெட் ஆர்க்கைவ் அதைப் பயன்படுத்தித் தன் சேகரிப்பில் பழைய அசைபடங்களை மீண்டும் அசையவைத்தது. ஃபிளாஷின் பிற்கால நிரல்மொழியில் எழுதப்பட்ட சிக்கலான கோப்புகள் சில இன்னும் அதற்குப் பிடிபடாமல் இருக்கலாம். ஆனால் பாட்டும் படமுமாக உள்ள எளிய பழைய கோப்புகள் பெரும்பாலும் பிழையின்றி ஓடுகின்றன. இதில் எனக்கு வியப்பளித்தது, கைபேசியிலும் ஓடுகின்றன என்பதுதான். தொடக்க நாள் முதல் கைபேசியால் ஒதுக்கப்பட்ட ஒன்று, இறந்த பிறகு கைபேசிக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

2023-இல் நண்பன் தன் பழைய குறுந்தட்டுகளைத் தேடினான். சென்னையில் வீடு மாறும்போதெல்லாம் பிரிக்கப்படாமலே இடம் மாறிய ஓர் அட்டைப்பெட்டியில் அது இருந்தது. குறுந்தட்டின் முதுகு சில இடங்களில் மங்கியிருந்தது. இரண்டு கருவிகள் படிக்க மறுத்து மூன்றாவது படித்தது. கோப்பை ரஃபிளில் திறந்து எனக்கு அனுப்பிவைத்தான். கறுப்புக் கோட்டுப் பெண்கள் குனிந்தார்கள், திரை பச்சையாயிற்று, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல அத்தையின் குரல் வந்தது. கோப்புக்குள் பொதிந்திருந்த ஒலியை மட்டும் தனியே பிரித்தெடுத்து மூன்று இடங்களில் வைத்திருக்கிறான். அவருடைய பேத்திக்குப் பாட்டியின் முகம் அரைகுறையாகவே நினைவிருக்கிறது. குரல் இப்போது முழுதாக இருக்கிறது.

இங்கே பாகூரைப் பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பாகூர்ச் செப்பேடுகள் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தவை. ஒன்பதாம் நூற்றாண்டு. வடமொழியிலும் தமிழிலும் பொறிக்கப்பட்டவை. பாகூரில் இருந்த வித்யாஸ்தானம் என்ற கல்வி நிலையத்துக்கு மூன்று ஊர்களைக் கொடையாக அளித்த செய்தியை அவை சொல்கின்றன. அவற்றுள் ஒன்றின் பெயர் விளாங்காட்டங்கடுவனூர். அதைப் படிக்கும்போது எங்கள் பக்கத்துக் கடுவனூர் காதில் விழாமல் இருப்பதில்லை.

செப்பேடு ஆயிரம் ஆண்டு நிலைத்தது, குறுந்தட்டு இருபதாண்டில் மங்குகிறது என்று ஒப்பிட்டுப் பெருமூச்சு விடுவது எளிது. அந்த ஒப்பீடு பாதி உண்மையே. அந்தச் செப்பேட்டை இன்று என் கையில் கொடுத்தால் எனக்கு ஓர் எழுத்தும் புரியாது. கிரந்த எழுத்தும் பழந்தமிழ் எழுத்தும் கற்ற ஒருவர் படித்துச் சொன்னால்தான் அது பேசும். செப்பேட்டுக்கும் ஒரு செருகுநிரல் வேண்டும். அதன் பெயர் கல்வெட்டறிஞர். மன்னன் அன்று மூன்று ஊர்களின் வருவாயைச் செம்புத் தகடுகளைப் பளபளப்பாக வைத்திருப்பதற்காகக் கொடுக்கவில்லை. படிக்கத் தெரிந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக உருவாகிக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காகக் கொடுத்தான். எந்த ஊடகமும் தன்னால் வாழ்வதில்லை. அதைப் படிப்பவரை ஊர் பேணும்வரை வாழ்கிறது.

மதுரைத் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1998-இல் தொடங்கி, உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி வைத்தார்கள். முதலில் வேறு குறியீட்டில் இருந்த நூல்களைக் காலம் மாறியபோது ஒருங்குறிக்கு மாற்றினார்கள். அந்த மாற்றும் வேலையை ஒருவரும் கொண்டாடுவதில்லை. ஆனால் கரையாம்புத்தூரில் ஒரு மாணவி இன்று பேருந்துக்குக் காத்திருக்கும்போது கைபேசியில் சங்க நூலைத் திறந்து படிக்க முடிவது அந்த வேலையால்தான். எழுத்துக்கு அப்படிச் செய்ய ஆட்கள் இருந்தார்கள். தமிழில் அசைந்தவற்றுக்கும் ஒலித்தவற்றுக்கும் அத்தகைய கூட்டு முயற்சி இன்னும் போதவில்லை.

இதைப் படிப்பவர்களில் சிலரேனும் அந்நாளில் ஃபிளாஷில் ஏதாவது செய்திருப்பீர்கள், அல்லது செய்தவரை அறிந்திருப்பீர்கள். பரணில் உள்ள அட்டைப்பெட்டியை இறக்கிப் பாருங்கள். எஸ்.டபிள்யூ.எஃப். என்று முடியும் கோப்பு இருந்தால் ரஃபிளில் திறந்து பாருங்கள். ஒலி இருந்தால் தனியே பிரித்து வையுங்கள். யார் பாடியது, எந்த ஊர், எந்த ஆண்டு என்பதை எளிய எழுத்துக் கோப்பாக அருகிலேயே எழுதி வையுங்கள். பிறகு அதைப் பலரும் எடுத்துக்கொள்ளும்படி பொது ஆவணகம் ஒன்றில் சேர்த்துவிடுங்கள். படிக்கும் கருவி இப்போது இருக்கிறது, ஊர்க்காரர்கள் கையில் கைபேசியும் இருக்கிறது. குறுந்தட்டுகள் மட்டும் ஆண்டுக்காண்டு மங்கிக்கொண்டிருக்கின்றன.